15 பவுண்டில் நகத்துக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "முதுகலை படிக்க லீட்ஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஊரில் இருந்தபோது வாரம் ஒரு முறை நெயில் பாலிஷ் போடுவேன். இங்கே பூட்ஸ், சூப்பர்ட்ரக் எதற்குள் போனாலும் சுவர் நிறைய பாட்டில்கள். விலை குறைந்த பிரிட்டிஷ் பிராண்டுகளைப் போட்டுப் பார்க்க ஆசை. 15 பவுண்டுக்கு மேல் முடியாது. எதில் தொடங்குவது?"

15 பவுண்ட் தாராளமாகப் போதும். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு நல்ல டாப் கோட்டுக்கு (நிறத்துக்கு மேலே பூசும் நிறமில்லாத பூச்சு) முதலில் ஒதுக்கிவிடுங்கள். மீதிக்கு எந்த பிராண்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எந்த நிறம் என்று யோசித்தால் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் வேலைவெட்டி இல்லாமல் நான் செய்த ஒரு சோதனைதான் காரணம்.

ஐந்து பிராண்டுகளில், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சிவப்பு வாங்கினேன். பேரி எம், ரிம்மல், நம்பர் 7, கலெக்ஷன், எம்.யூ.ஏ. கட்டை விரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என்று இரண்டு கையிலும் ஒரே வரிசையில் பூசினேன். எல்லா விரலுக்கும் ஒரே பேஸ் கோட் (நிறத்துக்கு அடியில் பூசுவது), நிறம் இரண்டு கோட், மேலே ஒரே டாப் கோட். நான்காம் நாள் பார்த்தால் வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனி உதிர்ந்திருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே இருந்தன. சரி, அந்த இரண்டு பிராண்டும் சுமார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வரிசையை மாற்றிப் போட்டேன். மறுபடியும் அதே கட்டை விரல், அதே ஆள்காட்டி விரல். பிராண்ட் மாறியும் உதிர்ந்த விரல் மாறவில்லை! பூண்டு உரிப்பதும் டப்பா மூடியை நெம்புவதும் அந்த இரண்டு விரல்கள்தானே. மூன்றாவது வாரம் டாப் கோட் இல்லாமல் போட்டேன். இரண்டாம் நாளே ஐந்தும் மங்கின, நுனிகள் தேய்ந்தன.

இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். என் நகம், என் சமையல்கட்டு, அவ்வளவுதான். ஆனாலும் அதற்குப் பிறகு 3 பவுண்ட் பாட்டிலா 8 பவுண்ட் பாட்டிலா என்று நான் குழம்பியதில்லை.

ஒரு சின்ன விஷயம். பூட்ஸ் மாதிரி மருந்துக் கடையில் விற்கும் மலிவு பிராண்டுகளை 'ட்ரக்ஸ்டோர்' என்பது அமெரிக்கப் பேச்சு. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'கெமிஸ்ட்' அல்லது 'ஹை ஸ்ட்ரீட்' என்பார்கள். நெயில் பாலிஷையும் வயதானவர்கள் 'நெயில் வார்னிஷ்' என்றுதான் கேட்பார்கள். நாட்டிங்ஹாமில் ஜான் பூட் என்பவர் 1849-ல் தொடங்கிய மூலிகைக் கடைதான் இன்றைய பூட்ஸ். சூப்பர்ட்ரக் 1960-களில் வந்தது. பெயரில் மருந்து இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது லிப்ஸ்டிக்தான்.

பேரி எம்மில் தொடங்குங்கள். சிக்கன விலை பிரிட்டிஷ் நெயில் பாலிஷ் என்றால் இங்கே பலருக்கும் முதலில் நினைவு வரும் பெயர் அது. பேரி மெரோ என்பவர் 1982-ல் தொடங்கியது. கிழக்கு லண்டனில் ரிட்லி சாலைச் சந்தை என்று ஒன்று உண்டு, மீன், காய்கறி, ஆப்பிரிக்கத் துணி எல்லாம் விற்கும் இடம். அந்தச் சந்தைப் பக்கத்தில் வியாபாரம் செய்தவர். பெரிய நிறுவனங்கள் சிவப்பு, ரோஸ், பழுப்பு என்று அடக்கமாக இருந்த காலத்தில் நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் கொண்டுவந்ததுதான் இவர்களுடைய அடையாளம். பிறகு வடக்கு லண்டனில் மில் ஹில்லில் தொழிற்சாலை வைத்து வளர்ந்தார்கள்.

2009-ல் ஷனெல் என்ற விலை உயர்ந்த பிரெஞ்சு பிராண்ட் 'ஜேட்' என்று ஒரு வெளிர் பச்சையைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் 'பார்ட்டிகுலியேர்' என்று சேறும் பாலும் கலந்தது போன்ற ஒரு நிறம். இரண்டுக்கும் ஊரெல்லாம் அலைந்தது. அந்தச் சமயத்தில் பேரி எம்மின் 'மின்ட் கிரீன்', 'மஷ்ரூம்' இரண்டும் அவற்றுக்கு மாற்றாகப் பேர் வாங்கின. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்றைக்கும் விலை உயர்ந்த ஒரு நிறம் பிடித்திருந்தால் முதலில் பேரி எம் அலமாரியைத் துழாவிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன்.

அவர்களிடம் பல வரிசைகள் இருந்தாலும் 'ஜெல்லி ஹை ஷைன்' வரிசையை எடுங்கள். 10 மில்லி பாட்டில். கொஞ்சம் கெட்டியாக, தானே சமமாகப் பரவும் தன்மை. இரண்டு கோட்டில் தடவிய கோடு தெரியாமல் மூடிவிடும், நல்ல பளபளப்பும் வரும். கை நடுங்கினாலும் மன்னித்துவிடும் ரகம். விளக்கில் காட்டி இறுக்கும் ஜெல் அல்ல, பெயரில் மட்டும்தான் ஜெல். நிறங்களுக்குப் பழப் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். 'கோகனட்' வெள்ளை, சரி. ஆனால் 'குவாவா' என்று எடுத்தால் மயில் கழுத்து நீலப்பச்சை! கொய்யாப்பழத்தை இவர்கள் எங்கே, எந்த வெளிச்சத்தில் பார்த்தார்களோ தெரியாது. நிறம் என்னவோ அருமை, நம் தோலுக்கு அப்படிப் பொருந்தும். பெயரைப் பார்த்து இணையத்தில் ஆர்டர் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது ரிம்மல். 1834-ல் லண்டனில் ஒரு வாசனைத் திரவியக் கடையாகத் தொடங்கியது. யூஜீன் ரிம்மலும் அவர் அப்பாவும் ஆரம்பித்தது. கண் மையில் இவர்கள் எவ்வளவு பேர் வாங்கினார்கள் என்றால் இத்தாலி, போர்ச்சுகல் போன்ற நாடுகளின் மொழிகளில் மஸ்காராவுக்கே 'ரிம்மல்' என்று பேர் வந்துவிட்டது, நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்பது மாதிரி. இப்போது கோட்டி என்ற பன்னாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது '60 செகண்ட்ஸ்' வரிசை. 8 மில்லி பாட்டில். பேரில் இருக்கிற அறுபது நொடியை அப்படியே நம்பிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். மேலே தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சீக்கிரம் காயும், உள்ளே இறுக எந்தப் பாலிஷுக்கும் நேரம் வேண்டும். இதன் சிறப்பு பிரஷ். தட்டையாக, அகலமாக இருக்கும். அகலமான நகத்துக்கு மூன்று இழுப்பில் வேலை முடிந்துவிடும். குறுகலான நகம் உள்ளவர்கள் பிரஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பக்கத்துத் தோலில் படாது.

பூட்ஸின் சொந்தப் பிராண்டுகளில் நம்பர் 7 இருக்கிறது, 1935-லிருந்து வருவது. சாதாரண நாளில் அதன் விலை உங்கள் பட்ஜெட்டைக் கடிக்கும். ஆனால் அந்த பிராண்டுக்கு மட்டும் என்று பூட்ஸ் அவ்வப்போது தள்ளுபடிக் கூப்பன் தரும், அப்போது வாங்கலாம். 'மூன்று எடுத்தால் இரண்டுக்கு விலை' என்ற சலுகையும் அடிக்கடி வரும். பிராண்டுகளைக் கலந்து எடுக்க விட்டால் விலை குறைந்த பொருள்தான் இலவசமாகக் கழியும் என்பதால், ஒரே விலையுள்ள மூன்றை எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். 'செவன்டீன்' என்று 1968-ல் இளம்பெண்களுக்காகத் தொடங்கிய பிராண்டும் பூட்ஸுடையதுதான். கண்ணில் பட்டால் அடர் நிறங்களைப் பாருங்கள்.

அதற்கும் கீழே எம்.யூ.ஏ. இருக்கிறது, சூப்பர்ட்ரக்கில் கிடைக்கும். ஒரு காலத்தில் அதில் பல பொருள்கள் ஒரே ஒரு பவுண்ட், மாணவர்களின் செல்லப்பிள்ளை. கலெக்ஷன், டபிள்யூ7, ப்ரைமார்க்கில் தொங்கும் குட்டிப் பாட்டில்கள் எல்லாம் இதே வகுப்பு. (ப்ரைமார்க் உண்மையில் டப்ளினில் பிறந்த கடை, ஆனால் இங்கே எல்லோரும் தங்கள் ஊர்க் கடை மாதிரிதான் பேசுவார்கள்.) பாட்டில் சின்னது என்பது குறையே இல்லை. பத்து வருடமாக நெயில் பாலிஷ் வாங்குகிறேன். ஒரு பாட்டிலை அடிவரை தீர்த்தது இரண்டே முறை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 'பட்டர் லண்டன்' லண்டனில் பிறந்திருந்தாலும் அமெரிக்காவில் சியாட்டிலை மையமாக வைத்து வளர்ந்தது, விலையும் இந்த வகுப்பில்லை. 'நெயில்ஸ் இன்க்' 1999-ல் தியா கிரீன் தொடங்கிய அசல் லண்டன் பிராண்ட், ஆனால் ஒரு பாட்டிலே உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பெண்கள் பத்திரிகைகளோடு அதை இலவசமாகக் கொடுத்த காலம் உண்டு. அந்த மாதங்களில் பத்திரிகையைப் படிக்காமலேயே மூன்று பிரதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி நான்.

சரி, நிறத்துக்கு வருவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

பாட்டிலுக்குள் இருப்பது அடிப்படையில் எல்லாருக்கும் ஒன்றுதான். நைட்ரோசெல்லுலோஸ் என்ற படலப் பொருள், அதைக் கரைத்து வைக்க எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட், வளைந்துகொடுக்கப் பிளாஸ்டிசைசர், ஒட்டிப் பிடிக்க ஒரு பிசின், நிறம். கரைப்பான் ஆவியாகப் போனதும் படலம் நகத்தில் தங்கிவிடும். ஆக, பூசும்போது வம்பு செய்வதில் பெரும் பங்கு நிறத்துக்குத்தான்.

சிவப்பு, மெரூன், அடர் ஊதா போன்ற மினுமினுப்பில்லாத க்ரீம் நிறங்கள் எந்த விலையிலும் நன்றாக இருக்கும். மலிவுப் பாட்டிலில் கூட ஏமாற்றம் அரிது. வெள்ளையும் வெளிர் நிறங்களும் நேர்மாறு. அதில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறப்பொடி நிறைய வேண்டும், அது கனம், அடியில் படியும், பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கோடு கோடாக நிற்கும். இரண்டு கெட்டியான கோட்டை விட மூன்று மெல்லிய கோட் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொறுமையாக. கண்ணைக் கூசும் நியான் நிறங்கள் ஒளி ஊடுருவக்கூடியவை, காய்ந்ததும் சொரசொரப்பாக மங்கும். கீழே ஒரு கோட் வெள்ளை, மேலே டாப் கோட் இல்லாமல் பாட்டிலில் பார்த்த நிறம் வரவே வராது. மெல்லிய ஷிம்மர் எல்லாத் தப்பையும் மறைக்கும், புதிதாகப் போடுபவர்களுக்கு அதுதான் நல்லது. உலோகம் மாதிரி மின்னும் ரகம் பிரஷ் போன பாதையை எல்லாம் காட்டிக்கொடுக்கும். கிளிட்டர் போடுவது சுலபம், எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, சமையல் அலுமினியத் தாளால் சுற்றி, பத்து நிமிடம் விட்டு இழுத்தால் வரும். கீழே பி.வி.ஏ. பசையை (பள்ளிக்கூடக் கைவேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசை) ஒரு கோட் தடவிக் காயவிட்டு அதன்மேல் கிளிட்டர் போட்டால் தோல் உரிப்பது மாதிரி உரித்துவிடலாம்.

அப்புறம் நம் தோல். இந்த ஊர் அலமாரியில் 'நியூட்' என்று எழுதியிருந்தால் அது இந்த ஊர்க்காரர்களின் தோல் நிறத்தை மனதில் வைத்து எழுதியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மாநிற விரலில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நமக்கு நியூட் என்றால் காரமல், டாஃபி, இலவங்கப்பட்டை நிறங்கள். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள், புறங்கையில் விரல் கணுவோரம் வைத்துப் பாருங்கள். கோபால்ட் நீலம், மரகதப் பச்சை, கடுகு மஞ்சள், அரக்குச் சிவப்பு எல்லாம் வெள்ளைத் தோலை விட நம் கையில்தான் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. வெளிர் நிறம் ஆசையாக இருந்தால் லாவெண்டர், புதினாப் பச்சை பக்கம் போங்கள். பால் ரோஸ் வேண்டாம்.

மருதாணி போட்ட நகம் இன்னும் ஆரஞ்சாக இருக்கிறதா? அதன்மேல் கண்ணாடி மாதிரியான மெல்லிய நிறம் போட்டால் அழுக்காகத் தெரியும். அது வளர்ந்து போகும் வரை மெரூனும் பழுப்பும்தான் வழி. கையால் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை, மஞ்சள். வெளிர் நிறமும் வெறும் டாப் கோட்டும் ஒரே ஒரு சாம்பார் சாதத்தில் மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து படலத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, சோப்பு போட்டாலும் போகாது. வெயில் பட்டால் மஞ்சள் கறை மங்கும், லீட்ஸில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? வீட்டில் சமைத்துச் சாப்பிடும் வாரத்துக்கு அடர் நிறம், வெளியே சாப்பிடும் வாரத்துக்கு வெள்ளை என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

பேஸ் கோட் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேண்டும். குறிப்பாக அந்த நீலப்பச்சையும் அடர் சிவப்பும் வெறும் நகத்தில் கறை வைக்கும், எடுத்த பிறகு காமாலை வந்த மாதிரி இருக்கும். காசு மிச்சப்படுத்த, பேஸ் கோட்டாகவும் டாப் கோட்டாகவும் உதவும் ஒரே பாட்டில் சில பிராண்டுகளில் உண்டு. நான் டாப் கோட்டைத் தனியாக, சீக்கிரம் காயும் ரகமாக வாங்குவேன். அதில் மட்டும் பிரிட்டிஷ் பிடிவாதம் வேண்டாம். பூட்ஸிலேயே கிடைக்கும் சாலி ஹான்சனின் 'இன்ஸ்டா ட்ரை' அமெரிக்கச் சரக்குதான், ஆனால் நன்றாக வேலை செய்கிறது. டாப் கோட் போடும்போது நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கும்.

பாட்டில் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றாதீர்கள். அது படலத்தைக் கெடுத்துவிடும். தின்னர் என்று தனியாக விற்கிறார்கள், பாட்டிலில் இருக்கும் அதே கரைப்பான்கள்தான். இரண்டு சொட்டு விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் காற்று புகுந்து குமிழ் வரும் என்று சொல்வார்கள்.

லேபிளில் எழுதியிருக்கும் 'ஃபைவ் ஃப்ரீ', 'நைன் ஃப்ரீ' (இத்தனை வேதிப்பொருள்கள் இதில் இல்லை) என்ற கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதெது இல்லை என்பதைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளும், பொது அளவுகோல் கிடையாது. முன்பு பெரிதாகப் பேசப்பட்ட டைபியூட்டில் தாலேட் என்ற வேதிப்பொருள் இங்கே அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டதுதான். சைவம் பார்ப்பவர் என்றால் 'வீகன்' என்ற சொல்லைத் தேடுங்கள். முத்து மாதிரி மினுங்கும் சில நிறங்களில் மீன் செதிலிலிருந்து எடுக்கும் குவானின் இருக்கலாம், பொருள் பட்டியலில் சி.ஐ. 75170 என்ற நிற எண்ணாக வரும். சி.ஐ. 75470 என்றால் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன்.

'மூச்சுவிடும்' பாலிஷ் என்றும் சிலது பார்ப்பீர்கள். நகம் மூச்சு விடுவதில்லை, அதற்கு வேண்டியதெல்லாம் கீழே ஓடும் ரத்தத்திலிருந்து வருகிறது. ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்வதற்காக அதைத் தேடும் தோழிகள் உண்டு. காற்றும் ஈரமும் கொஞ்சம் புகும் என்பதும் தண்ணீர் நகத்தைத் தொடுகிறது என்பதும் ஒன்றல்ல, அதை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

விளக்கில் வைத்து இறுக்கும் வீட்டு ஜெல் கிட் மலிவாக இருக்கிறதே என்று மனம் போகும். போக வேண்டாம். அந்த ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள்கள் இறுகாமல் தோலில் பட்டால் அலர்ஜி வரும் என்று பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே எச்சரித்தது. வந்தால் அநேகமாக ஆயுசுக்கும் போகாது, பிற்காலத்தில் பல் சிகிச்சை வரை தொல்லை தரும். நமக்குச் சாதாரண பாலிஷ் போதும்.

பகுதி நேர வேலை ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ கிடைத்தால் வேலை நாளில் நகம் வெறுமையாக இருக்க வேண்டும். தேசிய சுகாதாரச் சேவையில் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு முழங்கைக்குக் கீழே மோதிரம், கடிகாரம், நகப்பூச்சு எதுவும் கூடாது என்பது விதி (கல்யாண மோதிரம் மாதிரி கல் இல்லாத ஒன்றை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்). என் தோழி ஒருத்தி நர்ஸ். வெள்ளி இரவு போட்டு ஞாயிறு இரவு அழிப்பாள். அவளுக்கு நீடித்து உழைப்பது முக்கியமே இல்லை, ஒரே துடைப்பில் வர வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மலிவு க்ரீம் ரகம்தான் சரி.

ஆக, உங்கள் 15 பவுண்டை நான் இப்படிச் செலவழிப்பேன். விலைகள் கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் தோராயமாகச் சொல்கிறேன். டாப் கோட் 5. பேரி எம் ஜெல்லியில் ஒரு அடர் நிறம் 4 அல்லது 5. மீதியில் எம்.யூ.ஏ. அல்லது கலெக்ஷனில் ஒரு சிவப்பு, ஒரு மலிவு பேஸ் கோட். ரிம்மலை அடுத்த மாதம் சலுகை வரும்போது எடுங்கள்.

ஊரில் இருக்கும் அக்கா தங்கைகளுக்குத் தபாலில் அனுப்ப மட்டும் யோசிக்காதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் ராயல் மெயில் உள்நாட்டில் மட்டும் ஒரு பொட்டலத்துக்கு நான்கு சிறு பாட்டில் வரை அனுமதிக்கும், வெளிநாட்டுக்குக் கிடையாது. விடுமுறைக்குப் போகும்போது பாட்டிலை நன்றாக மூடி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பழைய சாக்ஸுக்குள் திணித்து பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 'குவாவா' ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், பெயரைக் கேட்டுவிட்டு எப்படியும் யாராவது கேட்பார்கள்.